கூரையைத் தூக்கியது கீழிருந்து வந்த காற்று

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரிமுனைக்குத் தெற்கே கடலோடு போய்க்கொண்டிருந்த அன்று, தேங்காப்பட்டணத்துக்கு அருகே என் சித்தி மகன் வீட்டு சிட்அவுட்டின், அதாவது முகப்புத் திண்ணையின், கூரை கழன்று பக்கத்து வாழைத்தோட்டத்தில் விழுந்தது. வாழைகள் அதற்கு முன்பே சாய்ந்துவிட்டிருந்ததால் தோட்டக்காரர் சண்டைக்கு வரவில்லை. அந்தப் புயல் எங்கள் கரையிலிருந்து கடலுக்குப் போன எத்தனை பேரைத் திருப்பித் தரவில்லை என்பதை நினைத்தால், ஒரு தகரக் கூரையைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கூரை எனக்கு ஒரு புதிரை விட்டுச் சென்றது. வீட்டிலிருந்து இருபதடி தள்ளி ஒரு மாட்டுத் தொழுவம். அதே தகரம், அதைவிட மெலிந்த கால்கள், கட்டியதும் அதே வெல்டிங்காரர்தான். அது அசையாமல் நின்றது.

தொழுவத்துக்கு நான்கு பக்கமும் சுவர் கிடையாது. சிட்அவுட்டோ அரைகுறையாக அடைக்கப்பட்டது. பின்புறம் வீட்டுச் சுவர், வடக்கிலும் தெற்கிலும் அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி, கிழக்கே முகப்பு மட்டும் திறந்தவெளி. பணம் வந்ததும் முகப்பையும் அடைப்பதாகத் திட்டம். புயல் அதற்கு முந்திக்கொண்டது.

நம் பக்கத்துப் புயல்களில் காற்று இடஞ்சுழியாகச் சுற்றும். மையம் நமக்குத் தெற்கே இருந்தால் நம்மீது வீசுவது கிழக்குக் காற்று. அன்று அது திறந்திருந்த முகப்பு வழியாக நேராக உள்ளே வந்தது. வெளியேற வழியில்லை. வாயைத் திறந்து காற்றுக்கு எதிரே பிடித்த சாக்குப்பை எப்படி உப்புமோ, அப்படி உப்பியது சிட்அவுட்.

எவ்வளவு உப்பும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றை மறித்தால் அது தரும் அழுத்தம், அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி, திருவனந்தபுரத்துக்கு விநாடிக்கு 39 மீட்டர் என்றும் சென்னைக்கு 50 மீட்டர் என்றும் அடிப்படைக் காற்று வேகத்தை வைத்திருக்கிறது. 39 மீட்டர் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். சென்னைக் கணக்குக்கு 153 கிலோ.

இனி அந்தச் சிட்அவுட்டைப் பாருங்கள். நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர், மொத்தம் 12 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் தகரம் சதுர மீட்டருக்கு நான்கு கிலோ இருக்கும். கூரைத் தகரம் முழுவதும் சேர்த்து 48 கிலோ. உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளுகிறது. கூரைக்கு மேலே ஓடும் காற்றோ விளிம்பில் பிரிந்து, தகரத்தை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அதே தர நிர்ணயத்தில், சுவர்ப் பரப்பில் இருபது விழுக்காட்டுக்கு மேல் திறப்பு இருந்தால் உள்ளழுத்தத்துக்கு 0.7 என்ற பெருக்கெண். ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் 0.2 மட்டும். மேலே உறிஞ்சுவதற்கு 0.8 என்று வைத்துக்கொண்டு இரண்டையும் கூட்டி, வருகிற 1.5-ஐ அழுத்தத்தாலும் கூரைப் பரப்பாலும் பெருக்கினால், 140 கிலோமீட்டர் காற்றில் அந்தக் கூரையைத் தூக்கும் விசை 1,600 கிலோவைத் தாண்டுகிறது. 90 கிலோமீட்டர் காற்றுக்கே கிட்டத்தட்ட 700 கிலோ. அதற்கு எதிராக நின்றவை 48 கிலோ தகரமும் சில டஜன் திருகுகளும். திருகுகள் இரும்புச் சட்டத்தில் அப்படியே இருந்தன; அவற்றின் தலையைச் சுற்றித் தகரம்தான் கிழிந்துபோயிருந்தது.

தொழுவத்தின் கூரைக்கும் மேலே உறிஞ்சல் உண்டு. ஆனால் அதன் கீழே வந்த காற்று வந்த வேகத்தில் மறுபக்கம் போய்விட்டது. மாடுகள் நனைந்தன, அவ்வளவுதான்.

புயல் முடிந்ததும் எங்கள் வீட்டுப் பழைய ஆசாரியிடம் இதைச் சொன்னேன். நான் கரும்பலகையில் போட்டிருக்கக்கூடிய கணக்கை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: “மக்களே, காற்று வருகிற பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போகிற பக்கத்தை எதற்கு அடைத்தீர்கள்?”

சித்தி மகன் இதிலிருந்து வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டார். திறப்பு இருந்ததால்தானே வினை? அடுத்த கோடைக்குள் முகப்பையும் சேர்த்து மூன்று பக்கமும் தரை முதல் கூரை வரை கண்ணாடி வந்துவிட்டது. காற்றுக் கணக்கின்படி அது பிழை இல்லை, கண்ணாடி உடையாதவரை. புயலில் தேங்காயோ ஓட்டுத் துண்டோ பறந்து வந்து ஒரு பலகையை உடைத்தால், அந்த நொடியே பழைய சாக்குப்பைதான். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து வலுவூட்டிய டஃபன்டு கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு வலுவானது. ஆனால் உடைந்தால் மொத்தமும் உதிர்ந்து, முழு வாசலையும் திறந்துவிடும். நடுவே பிசின் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி விரிசல் விட்டாலும் சட்டத்திலேயே தங்கும். புயல் கரையில் கண்ணாடி வைத்தே தீருவேன் என்பவர்கள் அந்தக் கூடுதல் செலவைச் செய்யத்தான் வேண்டும்.

புயல் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல், மார்ச் மாதமே கண்ணாடி தன் குணத்தைக் காட்டியது. காலை எட்டு மணி வெயில் கிழக்கு முகப்பு வழியாக உள்ளே வந்தது; பத்து மணிக்கு அங்கே உட்கார முடியவில்லை. சாதாரணக் கண்ணாடி வெயிலின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சூடான தரையும் நாற்காலியும் திரும்ப உமிழும் நெடிய அலைவெப்பத்தை அது வெளியே விடாது. பள்ளிப் பாடத்தில் பசுமைக்குடில் இப்படித்தான் சூடாகிறது என்று படித்திருப்போம். 1909-இல் ராபர்ட் உட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடி, இன்னொன்றுக்கு வெப்பக் கதிர்களை வெளியே விட்டுவிடும் பாறை உப்புப் பலகை மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. உள்ளே சூடான காற்று வெளியேறிக் குளிர்ந்த காற்று வர முடியாமல் போவதே பெரிய காரணம் என்று தெரிந்தது. சிட்அவுட்டுக்கும் அதே கதைதான். நிறம் பூசிய கண்ணாடி கொஞ்சம் குறைக்கும்; காற்றோட்டம் இல்லாத அறையை அது காப்பாற்றாது.

அதிலும் கடற்கரையில் இது இரட்டைத் தண்டனை. உடம்பு குளிர்வது வியர்வை உலர்வதால். காற்றின் ஈரப்பதம் எழுபது, எண்பது விழுக்காட்டில் நிற்கும் ஊரில் வியர்வை எளிதில் உலராது; தோலை ஒட்டி நிற்கும் ஈரக் காற்றை ஏதாவது ஒன்று தள்ளிவிட வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் மெல்லிய காற்று பட்டாலே சுமார் 3 டிகிரி குறைந்ததுபோல உடம்பு உணரும். பகலில் கடலிலிருந்தும் இரவில் நிலத்திலிருந்தும் இலவசமாக வருகிற அந்தக் காற்றைத்தான் கண்ணாடி போட்டு நிறுத்தியிருந்தோம்.

தலைக்கு மேலே தகரம் வேறு. குமரி மாவட்டம் எட்டு டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கும். அப்போது எந்தச் சன்ஷேடும் உதவாது, வெயில் முழுவதையும் கூரைதான் வாங்குகிறது. பழைய ஓட்டுக் கூரை இந்த இரண்டு சங்கடத்துக்கும் சேர்த்துப் பதில் வைத்திருந்தது. ஓடு தகரத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு எடை. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே காற்று கசியும். அதனால் சூடான காற்று மேலே போய்விடும், புயலில் மேலும் கீழும் அழுத்த வேறுபாடு முழுதாக ஏறாது. ஆனால் விளிம்பு வரிசையையும் மூலைகளையும் கம்பியால் கட்டியாக வேண்டும். உறிஞ்சல் மிக அதிகம் விழுவது அங்கேதான்.

தக்கலை பக்கம் போகிறவர்கள் பத்மநாபபுரம் அரண்மனையில் நின்று பார்க்கலாம். அங்கே மர அழிகளும் சாய்வுப் பலகைகளும் அடைத்த முகப்புகள் உண்டு. வெளியே ஏப்ரல் வெயில் கொளுத்தும்போது உள்ளே மங்கலான வெளிச்சமும் அசைகிற காற்றும் இருக்கும். வெளிப்புறம் சரிந்த பலகை உச்சி வெயிலையும் சாதாரண மழையையும் தடுக்கிறது. காற்று இடுக்கு வழியே வளைந்து நுழைகிறது. சூறைக்காற்று வந்தாலும் ஒரு பகுதி ஊடுருவிப் போய்விடுவதால் சட்டத்தின் மேல் முழு அழுத்தம் விழுவதில்லை.

மூன்றாவது முறை சித்தி மகன் அந்த வழிக்கு வந்தார். முகப்பில் இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் மரச் சாய்வுப் பலகை, வடக்கிலும் தெற்கிலும் கொசுவலையுடன் கிராதி. மேலே ஓடு. வலை காற்றைக் கணிசமாகக் குறைக்கும் என்பதால் திறப்புகளைத் தாராளமாக விடச் சொன்னேன். எதிரெதிரே இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொண்டோம். மழைச்சாரல் கொஞ்சம் உள்ளே வரும். வரட்டும். தரையை வெளிப்பக்கம் நூற்றுக்கு ஒன்று சரித்துவிட்டால், மூன்று மீட்டரில் மூன்று சென்டிமீட்டர் இறக்கம், தண்ணீர் தானே போய்விடும்.

கண்ணாடி இருந்த காலத்தில் தண்ணீர் போன கதை வேறு. ஸ்லைடிங் ஜன்னலின் கீழ்த் தண்டவாளத்தில் மழைநீர் வடிய சிறு துளைகள் இருக்கும். காற்று அழுத்தம் அதே துளை வழியாக நீரை உள்ளே ஏற்றும். 90 கிலோமீட்டர் காற்று நீரை 38 மில்லிமீட்டர் உயர்த்தும். தண்டவாளத்தின் உள்விளிம்பு அதைவிடத் தாழ்வாக இருந்தால் நீர் ஹாலுக்குள் வழியும். வழிந்தது.

கடைசியாக உப்பு. உடைகிற அலையின் குமிழிகள் வெடித்துச் சிதறும் துளிகளைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. துளி காய்ந்தால் உப்புத்தூள். சாப்பாட்டு உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதனால் எங்கள் கரையில் இரும்பு மழை இல்லாத இரவிலும் உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது. அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்புத் திருகைப் போட்டால், இரண்டு உலோகமும் நடுவே உப்புநீருமாக ஒரு சிறிய பேட்டரி உருவாகி, சட்டம் வெள்ளைப் பொடியாக அரிக்கப்படும். எவர்சில்வர் திருகு என்று கேட்டு வாங்கினால் மட்டும் போதாது. அதில் 304 என்றும் 316 என்றும் ரகங்கள் உண்டு. பின்னதில் இரண்டு மூன்று விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். இரண்டு உலோகமும் நேராகத் தொடாமல் நைலான் வாஷர் போடுவது இன்னும் நல்லது. புதிய கிராதியை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவும்படி சொல்லியிருக்கிறேன். மாமியார் வரும் வாரங்களில் அது நடக்கிறது.

பறந்துபோன தகரத்தில் ஒரு துண்டு இன்னும் அந்த வாழைத்தோட்டத்தில்தான் இருக்கிறது. கோழிக்கூட்டுக்கு மேலே போட்டு இரண்டு செங்கல் வைத்திருக்கிறார்கள். செங்கல் எத்தனை கிலோ தாங்கும் என்று வாய்க்குள் கணக்குப் போட்டபடி கிட்டே போய்ப் பார்த்தேன். கூட்டுக்கு நான்கு பக்கமும் வெறும் மீன்வலை.