குளிர்காற்று அடிக்கிற ஊரில் வெயில் சுடாது என்று யார் சொன்னது?

முந்தாநாள் இரவு கிளினிக்கை மூடப்போகும் நேரத்தில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் தன் கணவரோடு வந்தார். முகத்தை மூடியிருந்த துப்பட்டாவை விலக்கியதும் எனக்குத் திக்கென்றது. நெற்றி, மூக்கு, கன்னத்து மேடு எல்லாம் கறுத்துத் தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. உதடு வெடித்திருந்தது. நெற்றி நடுவில் ஸ்டிக்கர் பொட்டு இருந்த இடம் மட்டும் வட்டமாகத் தப்பியிருந்தது.

"ஒரு வாரமாச்சு டாக்டர், அங்க அடிச்ச குளிர்ல தோல் வெடிச்சிருச்சு" என்றார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தைலம் வேறு தடவியிருக்கிறார்.

அம்மா, அது குளிர் இல்லை. வெயில். பொட்டு மறைத்த இடம் தப்பியதே அதற்குச் சாட்சி. குளிருக்குப் பொட்டும் தெரியாது, நெற்றியும் தெரியாது.

அவர்கள் போய்வந்தது ஃபாக்லாந்து தீவுகளுக்கு. தென் அமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 480 கிலோமீட்டர் தள்ளி, தென் அட்லாண்டிக்கில் கிடக்கும் தீவுக்கூட்டம். பெரிய தீவு இரண்டு, சின்னது எழுநூற்றுக்கும் மேல். கோலாலம்பூர் செந்தூலில் கிளினிக் வைத்திருக்கும் எனக்கு இப்படி ஒரு ஊரிலிருந்து நோயாளி வருவார் என்று பத்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இப்போது பிள்ளைகள் தலையெடுத்து, இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணமும் கைக்கு வந்தபின், வாழ்நாளில் ஒரு தடவையாவது பென்குவினைப் பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறார்கள். நல்ல ஆசை, தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் இந்தச் சீசனில் மட்டும் இப்படி வெந்த முகத்தோடு என்னிடம் வருபவர் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "அங்க வெயிலே இல்லையே டாக்டர்."

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நாம் பிறந்து வளர்ந்த ஊரில் வெயிலும் சூடும் ஒன்றாகவே வரும். இங்கே மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மத்தியானம் ஒரு மணிக்கு நடந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் முதுகு நனைந்து, தலை காய்ந்து, தானாகவே கடை ஓரத்து நிழலுக்கு ஒதுங்கிவிடுவோம். உடம்பே எச்சரித்து இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த எச்சரிக்கையைத் தருவது சூடு. தோலைச் சுடுவதோ புற ஊதாக் கதிர். அதற்குச் சூடும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. கண்ணுக்கும் தெரியாது, தோலுக்கும் உடனே தெரியாது. சிவந்து எரிய ஆரம்பிக்கச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் நீங்கள் பென்குவின் பார்த்து முடித்து, கப்பலுக்குத் திரும்பி, இரவுச் சாப்பாட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஃபாக்லாந்தில் டிசம்பர், ஜனவரிதான் கோடைக்காலம். அப்போதும் பகலில் சராசரியாக 13 முதல் 15 டிகிரிதான், நம் கேமரன் மலை இரவு மாதிரி. காற்றோ சராசரியாகவே மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். முகத்தில் சூடு ஏறுவதற்குள் காற்று அதைத் துடைத்துக்கொண்டு போய்விடும். வியர்க்காது, தாகமும் எடுக்காது, நிழல் தேடத் தோன்றாது. தோன்றினாலும் ஒதுங்குவதற்கு மரம் வேண்டுமே. அந்தத் தீவுகளில் இயற்கையாக முளைத்த மரமே கிடையாது, எல்லாம் புல்லும் குத்துச்செடியும்தான். அங்கே அப்போது பகலும் 16 மணி நேரத்துக்கு மேல். காற்று சுத்தமானது, தூசிப் புகை எதுவும் இல்லை. வசந்த காலத்தில், அதாவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, 1985இல் உலகுக்குத் தெரியவந்த அந்த அண்டார்டிக் ஓசோன் ஓட்டையின் விளிம்பு சில நாட்கள் இந்தப் பக்கமும் வந்து போகும். மெல்லிய மேகம் இருந்தாலும் கதிர் ஊடுருவி வரும். வெள்ளை மணல் கீழேயிருந்தும் கொஞ்சம் திருப்பி அடிக்கும்.

உச்சி வேளையில் கோலாலம்பூர் வெயிலின் கடுமை அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் இங்கே பத்து நிமிடம் நிற்கிறோம், அங்கே ஆறு மணி நேரம் நிற்கிறோம். கணக்கு அவ்வளவுதான்.

"நாம கறுப்புத்தோல், நமக்கு எதுக்கு டாக்டர் சன்ஸ்கிரீன்?" இது அடுத்தது. கறுப்புத்தோல் கொஞ்சம் தாங்கும். கொஞ்சம் மட்டும்தான். மேலும் அந்த ஆசிரியை ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கிறது. வெயிலில் தோலைச் சீக்கிரம் சுட வைக்கும் மருந்து அது. கிருமித் தொற்றுக்குத் தரும் டாக்ஸிசைக்ளினும், இதயத் துடிப்புக்குத் தரும் அமியோடரோனும் அப்படித்தான். உங்கள் மாத்திரைப் பட்டியலோடு வந்து கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். கேட்காமல் போகிறீர்களே என்பதுதான் என் ஆதங்கம்.

எஸ்பிஎஃப் 50 என்று போட்ட சன்ஸ்கிரீன் வாங்குங்கள். முகம், கழுத்துக்கு மட்டும் இரண்டு விரல் நீளம் பிழிந்து, காது மடல், பிடரி, வழுக்கை எதையும் விடாமல் பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். உதட்டுக்குத் தனி. பக்கவாட்டையும் மூடுகிற கறுப்புக் கண்ணாடி கட்டாயம், காற்றிலிருந்தும் கண் தப்பும். தொப்பிக்குத் தாடைப்பட்டை இல்லாவிட்டால் அது கடலுக்குத்தான் போய்ச் சேரும். சுட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். தைலம், டூத்பேஸ்ட் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

சரி, அவருடைய கணவர் விஷயத்துக்கு வருகிறேன். நியாயமாக அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மனைவிக்குத் துணையாக வந்தவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். லேசாக நொண்டி வந்ததைப் பார்த்து, "ஐயா, செருப்பைக் கழற்றுங்க" என்றேன். பதினெட்டு வருடச் சர்க்கரை. வலது சுண்டுவிரல் ஓரத்தில் ஐம்பது காசு அளவுக்குப் புண், ஓரமெல்லாம் வெளுத்துப்போய். கரை இறங்கும்போது கப்பலில் கொடுத்த ரப்பர் பூட்ஸ் கடித்தது. அவருக்கு வலிக்கவே இல்லை. சாயங்காலம் காலுறையைக் கழற்றும்போது ரத்தக்கறையைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கிறது. நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டுப் பார்த்தேன். நாலு இடத்தில் தெரியவில்லை என்றார்.

மனைவிக்கு நடந்ததும் கணவருக்கு நடந்ததும் ஒன்றுதான். அவருக்குச் சூட்டை மறைத்தது காற்று. இவருக்கு வலியை மறைத்தது சர்க்கரை. வந்திருக்க வேண்டிய எச்சரிக்கை இருவருக்குமே வரவில்லை.

நம் சமூகத்தில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: புது பூட்ஸை அங்கே போய் முதல் தடவையாகப் போடாதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே வீட்டைச் சுற்றி நடந்து பழகுங்கள். கப்பலில் தருவதைத்தான் போட வேண்டும் என்றால், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்து, கம்பளிக் காலுறையோடு போடுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். குனிய முடியாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். 5 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே போன மாதிரிதான். உணர்ச்சி குறைந்த விரல் அதையும் சொல்லாது. அதற்காக வெந்நீர்ப் பையைக் காலில் வைத்துவிடாதீர்கள், அது தனிக் கதை.

இன்சுலினை விமானத்தில் கைப்பையிலேயே வையுங்கள். உறைந்து உருகிய இன்சுலினை நம்ப முடியாது, கொட்டத்தான் வேண்டும். மலேசியாவுக்கும் ஃபாக்லாந்துக்கும் 11 மணி நேர வித்தியாசம், எந்த ஊசியை எப்போது போடுவது என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். கடல்மயக்கத்துக்குக் கடையில் நீங்களே மாத்திரை வாங்கும் ஆண்கள் கவனியுங்கள்: புரோஸ்டேட் தொந்தரவோ கண் அழுத்தமோ இருந்தால் அந்த வகை மாத்திரைகள் சிலருக்கு ஆகாது.

அப்புறம் காப்புறுதி. தீவில் மொத்தம் சுமார் 3,500 பேர், தலைநகர் ஸ்டான்லியில் ஒரே ஒரு மருத்துவமனை. அவர்களால் முடியாத கேஸை விமானத்தில் ஏற்றி வேறு நாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். சிலியிலிருந்து பயணிகள் விமானம் வாரத்துக்கு ஒரு தடவை. உங்கள் பாலிசியில் அவசர விமானச் செலவு இருக்கிறதா, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சொல்லித்தான் எடுத்தீர்களா என்று பாருங்கள். சொல்லாமல் எடுத்த பாலிசி கைகொடுக்காது.

பென்குவினுக்கு ஆறு மீட்டராவது விலகி நில்லுங்கள். மகெல்லன் பென்குவின் மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கும், அதன் மேல் காலை வைத்தால் வளையும் இடியும், உங்கள் கணுக்காலும் போகும். 2023 இறுதியில் பறவைக்காய்ச்சல் அங்கேயும் வந்துவிட்டது. செத்த பறவையைத் தொடாதீர்கள், பறவைகள் கூட்டமாகக் குடியிருக்கும் இடத்துப் பக்கத்தில் தரையில் உட்காராதீர்கள், பூட்ஸைக் கழுவச் சொன்னால் முணுமுணுக்காமல் கழுவுங்கள். 1998, 99இல் பன்றியிலிருந்து மனிதருக்குப் பரவிய நிப்பா வைரஸைப் பார்த்த நாட்டுக்காரர்கள் நாம்.

அந்த ஐயாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுகிறோம். எலும்பு வரை போகவில்லை. கட்டுப் போடும்போது போனில் படம் காட்டினார்: இடுப்பளவு உயரத்தில் ராஜ பென்குவின் ஒன்று, தன் பாதத்தின் மேலேயே முட்டையை வைத்து, வயிற்று மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கிறது. அடுத்த வருடமும் போக வேண்டுமாம். போகலாம் ஐயா. ஆறு வாரம் முன்னாலேயே வாருங்கள், இருவருமாக, மாத்திரைப் பட்டியலோடும் போடப்போகிற பூட்ஸோடும்.