மூன்று வாரமாக அனுப்பாத மெயில்

காரைக்குடியில் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிற ஆடிட்டர்கள், ஐடிக்காரர்கள், பிஎச்டி முடிக்க முடியாமல் திணறுகிறவர்கள் பலரும் உட்கார்ந்ததும் சொல்வது, "நான் ரொம்ப சோம்பேறி சார்." ப்ளஸ் டூவில் பள்ளியிலேயே முதல் மார்க், முதல் தடவையிலேயே சிஏ பாஸ், இவர் சோம்பேறியாம்! சோம்பேறிக்குச் சும்மா கிடப்பது சுகமாக இருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு அதே ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு வயிறு கலங்க உட்கார்ந்திருக்க மாட்டான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாமல் இருக்க இரண்டு மூன்று பேரைக் கலந்திருக்கிறேன்). வெளிநாட்டுக் கம்பெனியில் நிதிப் பிரிவு, பூர்வீக வீட்டில் வளவை (நடுமுற்றத்தை) ஒட்டிய அறையில் உட்கார்ந்தே வேலை. அழைத்து வந்தது ஆத்தா. "தம்பி விடிய விடிய லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான், கேட்டா வேலைங்கிறான், வேலை நடந்த மாதிரி தெரியலையே." நடக்கவில்லைதான். ஆறு பக்க அறிக்கை எழுதி மூன்று வாரமாகியும் மேலாளருக்குப் போகவில்லை. தினமும் ஒரு வரியை மாற்றுவார், மறுபடி பழையபடியே ஆக்குவார், அப்புறம் மொபைலோடு படுத்துவிடுவார்.

படுத்ததும் ஒரு பத்து நிமிடம் நிம்மதி கிடைக்கிறதே, விஷயமே அதில்தான் இருக்கிறது. தள்ளிப்போடுவது அப்போதைய பதற்றத்தை ஆற்றிக்கொள்ளும் வழி என்று ஃபியூஷா சிரோய், டிமதி பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். நான் பார்ப்பதும் அதையேதான். தள்ளினால் பயம் குறைகிறது, அந்த ருசியில் நாளைக்கும் தள்ளத் தோன்றுகிறது. புது டைரியும் டைம்டேபிளும் இவர்களிடம் ஒரு வாரம் தாங்காததற்குக் காரணம் இதுதான்.

பால் ஹீவிட், கார்டன் ஃப்ளெட் என்ற உளவியலாளர்கள் 1991இல் பர்ஃபெக்‌ஷன் மோகத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் எதிர்பார்ப்பது, அடுத்தவரிடம் எதிர்பார்ப்பது, அடுத்தவர்கள் தன்னிடம் எதிர்பார்ப்பதாக நம்புவது. நம் பக்கத்தில் மூன்றாவதுதான் கனம். ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுக்கும்போது ஒரு பைசா உதைத்தாலும் தூங்காமல் தேடிய ஐயாக்களின் பேரன்கள் இவர்கள். சீர்ச் சாமான் வரை எழுதி வைத்துச் சரிபார்க்கிற வீடுகள். விசேஷத்துக்குப் போனால் பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் முன்னாலும் மார்க்கைச் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை, கணக்குக்கு அது வேண்டும். ஒரு மெயிலுக்கும் அதே ஐந்தொகையா?

"அப்ப என் தரத்தைக் குறைச்சுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். இல்லை, ஒரு சோதனை செய்து பார்ப்போம் என்றேன். நினைப்பையும் பழக்கத்தையும் சேர்த்து மாற்றப் பார்க்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையில் (சிபிடி) இது வழக்கம்தான். அனுப்பினால் என்ன ஆகும் என்று எழுதச் சொன்னேன். "பிழை கண்டுபிடிப்பார், அடுத்த புராஜெக்டிலிருந்து என்னைத் தூக்கிவிடுவார்." எவ்வளவு நம்புகிறீர்கள்? 90 சதவீதம். இன்னொரு முறை படிக்காமல், என் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து அனுப்பினார். கை நடுங்கியது. மறுநாள் பதில் வந்தது: நான்காம் பக்கத்தில் ஒரு தேதி தப்பு, திருத்திக்கொண்டேன், நன்றி. பிழை இருக்கத்தான் செய்தது, புராஜெக்டும் இருந்தது. 90, 40க்கு இறங்கியது. அடுத்து, எந்த அறிக்கையையும் இரண்டு முறைக்கு மேல் படிப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

தூக்கமே போய், எதிலும் பிடிப்பில்லாமல், வாழ்ந்து என்ன என்கிற நினைப்பு வரை வந்துவிட்டால் இந்தப் பயிற்சிகளோடு நிற்கக் கூடாது, மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

இவர் நடுவில் இரண்டு வாரம் வரவே இல்லை. நான்தான் போன் செய்தேன். நான் கொடுத்த பயிற்சித் தாளைச் சரியாக நிரப்பவில்லையாம், அதனால் வர வெட்கமாம்! இப்போதெல்லாம் யாருக்குக் கொடுத்தாலும், பாதி நிரப்பினால் போதும், அப்படியே எடுத்து வாருங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். சிலர் அந்தப் பாதியையும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டு வருகிறார்கள்.