பழைய காருக்குள் மழைத் தண்ணீர்: சீலண்ட் டியூபைக் கையில் எடுக்கும் முன்

ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் பட்டறைக்கு வரும் அம்பாசடர், பத்மினி கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே புகார்தான்: "காலடியில தண்ணி நிக்குது." வரும்போதே முன் கண்ணாடியைச் சுற்றி, இடுக்கை அடைக்கும் பசையான சிலிக்கான் சீலண்ட்டை வெள்ளை வெள்ளையாக அப்பியிருப்பார்கள். அதன் பிறகும் கசிவு நின்றிருக்காது. பல கார்களில் கசிவைவிட அந்த சீலண்ட்தான் அதிகக் கெடுதல் செய்திருக்கிறது.

பழைய காரைத் தண்ணீரே புகாத பெட்டியாக யாரும் கட்டவில்லை. தண்ணீர் ஓரளவு உள்ளே வரும், வந்த தண்ணீர் வெளியே போக வழி இருக்கும். கதவையே பாருங்கள். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்தில் வெளிப்பக்கம் உள்ள ரப்பர் பட்டை தண்ணீரைக் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. மீதி கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கி, அடிவிளிம்பில் உள்ள ஓட்டைகள் வழியாக வடிந்துவிடும். இது கோளாறே இல்லை. ஆனால் மறு பெயிண்ட் அடிக்கும்போது பள்ளம் நிரப்பும் புட்டியோ, அடித்தகட்டில் பூசும் அண்டர்கோட்டோ அந்த ஓட்டைகளை அடைத்துவிடுகிறது. அப்புறம் கதவு தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பிரேக் அடித்தால் கதவுக்குள் சளக்கென்று சத்தம் கேட்டால் உடனே புரிந்துகொள்ளலாம். வளைந்த கம்பியால் ஓட்டைகளைத் திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துபோன கார்கள் உண்டு.

கதவின் உள்பக்கத்தை மூடும் டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுவார்கள். அது இல்லையென்றால் கதவுக்குள் வழியும் தண்ணீர் பேடை ஊறவைத்துத் தரைக்கு இறங்கும். கனமான பாலிதீன் தாளை அளவாக வெட்டி, கீழ் விளிம்பைக் கதவுத் தகட்டுக்குள் செருகி ஒட்டினால் போதும். செலவு மிகச் சொற்பம்.

அடுத்தது, தண்ணீர் நிற்கும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கும். அங்கே நுழைந்த தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, பின்சீட்டுக் காலடியில் போய் நிற்கும். வண்டிக்காரர் பின் கதவைக் குறை சொல்வார். அதனால் முதலில் சில கேள்விகள் கேட்பேன். நிறுத்தி வைத்திருக்கும்போது கசிகிறதா, ஈரச் சாலையில் ஓடும்போது மட்டுமா? ஓடும்போது மட்டும் என்றால் தண்ணீர் மேலிருந்து வரவில்லை, சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் தரையில் உள்ள ரப்பர் மூடிகள் வழியாகவோ இஞ்சின் பக்கத் தகட்டின் ஒயர் துளைகள் வழியாகவோ ஏறுகிறது. வெயில் நாளிலும் முன்பக்கம் ஈரமாகிறதா? வண்டி வாங்கிய பிறகு பொருத்திய ஏசி இருந்தால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கும். ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை, ஹீட்டர் உள்ள வண்டியில் ஒழுகும் கூலண்ட், அதாவது இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்.

சரி, மழைத் தண்ணீர்தான் என்று உறுதியானதும் சீட்டு, மேட், கார்பெட் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். சந்தேகமான விளிம்புகளில் உள்பக்கம் சாக்பீஸ் தூளைத் தடவுங்கள், தண்ணீர் போன தடம் அதில் கோடாகத் தெரியும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் வெளியே ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கீழிருந்து மேலே போவதுதான் முறை. முதலில் கதவின் அடிப்பகுதி, அப்புறம் வைப்பர் பகுதி, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்கங்கள், மேல் விளிம்பு. ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலே ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து, எது காரணம் என்றே தெரியாமல் போகும். வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்துப் பார்க்காதீர்கள், மழையில் ஒழுகாத இடமும் அதில் ஒழுகும். டிக்கியில் ஈரம் என்றால் டெயில் லைட்டுக்கு அடியில் உள்ள ரப்பரைக் கட்டாயம் பாருங்கள், பலரும் மூடியின் ரப்பரோடு நின்றுவிடுகிறார்கள்.

முன் கண்ணாடி ரப்பர்தான் காரணம் என்றால், கை வைத்துப் பாருங்கள். கல் போல இறுகியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, பத்மினி அதற்கும் பல வருடம் முன்பே. பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் வெயிலில் வெந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரப்பர் இன்னும் மிருதுவாக இருந்தால், அதன் உதடு போன்ற விளிம்பை மெல்லத் தூக்கி, காய்ந்து இறுகாத பசையான விண்ட்ஸ்கிரீன் மாஸ்டிக்கை உள்ளே செலுத்தலாம். வினிகர் வாசனை வரும் சிலிக்கான் மட்டும் வேண்டாம். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும், பெயிண்ட் போன தகட்டில் பட்டால் துருவைத் தொடங்கிவைக்கும். அது தடவிய இடத்தில் பின்னால் பெயிண்டும் சரியாக ஒட்டாது. புது ரப்பர் மாட்டும்போது கிரீஸ், எண்ணெய் தடவாதீர்கள், ரப்பர் உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். கண்ணாடியைக் கழற்றியதும் விளிம்புத் தகட்டைப் பாருங்கள். துரு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் புது ரப்பர் போடுவது வீண் செலவு.

இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் தரைத் தகடுதான். இந்த இரண்டு கார்களிலும் லாரி, ஜீப்பில் இருப்பது போலத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரையும் பாடியும் சேர்ந்தே எடையைத் தாங்குகின்றன. சீட்டு போல்ட்டும் அந்தத் தரையில்தான் நிற்கிறது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஃபெல்ட் ஒருமுறை ஊறினால் மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் அடியில் ஈரம் வாரக்கணக்கில் இருக்கும். தரைத் தகட்டில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டுக்கு அடியில் துரு ஓடுவது கண்ணுக்கே தெரியாது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாக மாறும் இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டு செய்ய வேண்டும். ஃபைபர் ஒட்டி, மேலே அண்டர்கோட் அடித்துத் தருகிற வேலையை ஏற்காதீர்கள். மேல்துரு மட்டும் என்றால் கம்பி பிரஷ், துருவை மாற்றி நிறுத்தும் ரஸ்ட் கன்வெர்ட்டர், பிரைமர், தகடு சேரும் இடங்களில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், பிறகு பெயிண்ட்.

ஊறிய ஃபெல்ட்டைக் காயவைத்துத் திரும்பப் போட வேண்டாம், புதிது வாங்குங்கள். பூஞ்சை வாசனை அதிலிருந்துதான் வருகிறது, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது நல்லதல்ல. உள்ளே ஈரம் இருந்தால் இரவு மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் பனி பிடித்து, எதிரே வருகிற வண்டியே தெரியாது. காற்றுப் போகாத பிளாஸ்டிக் கவரால் மூடி நிறுத்துவதும் இதே ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். மழை விட்டு வெயில் வந்த அன்று நான்கு கதவையும் திறந்து வையுங்கள், டிக்கியையும் சேர்த்து.