வெளிநாட்டுக் கணவன், மனைவிக்கான பாஸ்: முதல் படி ஜேபிஎன்னில்தான்

மலேசியரை மணந்த வெளிநாட்டவர் இங்கே குடும்பத்தோடு தங்குவதற்கு வாங்க வேண்டியது நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ். கொடுப்பது குடிநுழைவு இலாகா. ஆனால் பல மனுக்கள் சிக்கிக்கொள்வது அங்கே இல்லை, அதற்கு முந்தைய படியான திருமணப் பதிவில்தான்.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976 திருமணச் சட்டம் 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல், கோவிலில் தாலி கட்டி ஊரே வாழ்த்தினாலும், தேசியப் பதிவு இலாகாவிலோ (ஜேபிஎன்) கோவிலில் உள்ள துணைப் பதிவாளரிடமோ பதியாவிட்டால் அது சட்டப்படி திருமணம் ஆகாது. (முஸ்லிம்களுக்கு அந்தந்த மாநிலச் சமய இலாகாவின் விதிகள்.)

மணமகளையோ மணமகனையோ இந்தியாவிலிருந்து வரவழைத்து இங்கே பதிய நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. பதிவு மனுப் போடுவதற்கு முன் அந்த வட்டாரத்தில் 7 நாள் தங்கியிருக்க வேண்டும். மனுப் போட்டபின் அறிவிப்பு 21 நாள் ஒட்டப்பட்டிருக்கும். மொத்தம் 28. மிஞ்சுவது 2 நாள். அதற்குள் பதிவுத் திருமணமும் முடிந்து, பாஸ் மனுவும் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஒரு பொது விடுமுறை வந்தால்கூடக் கணக்கு உடைந்துவிடும். ஆகவே, மணமாகாதவர் என்ற சான்று, அதற்குத் தூதரக உறுதி ஆகியவற்றுக்கு என்ன தேவை என்பதை விமானம் ஏறும் முன்பே கேட்டுத் தயார் செய்துகொள்ளுங்கள். 30 நாள் தாண்டித் தங்குவது குடிநுழைவுச் சட்டப்படி குற்றம். அபராதம் மட்டுமல்ல, 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். ‘கல்யாணம் ஆகிவிட்டதே’ என்ற பதில் அங்கே எடுபடாது.

தமிழ்நாட்டிலேயே மணம் முடிப்பவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை, வேறொரு கெடு உண்டு. திருமண நாளிலிருந்து 6 மாதத்துக்குள், சென்னையில் உள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். அதற்குள் பதியாமல் மலேசியா திரும்பிவிட்டால், வந்து சேர்ந்த 6 மாதத்துக்குள் இங்குள்ள ஜேபிஎன்னில் பதிய வேண்டும். தமிழில் உள்ள சான்றுகளுக்குச் சான்றளிக்கப்பட்ட மலாய் அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும்.

பெயரில்தான் அதிகம் இடறுகிறது. மாப்பிள்ளையின் அடையாள அட்டையான மைகார்டில் ‘குமார் ஏ/எல் ராமன்’, அதாவது ராமனின் மகன் குமார், என்றிருக்கும். சார்பதிவாளர் தந்த சான்றில் ‘ஆர். குமார்’ என்றிருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள். கவுண்டரில் இருப்பவருக்கு அப்படித் தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்திலேயே மைகார்டைக் காட்டி, அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து எழுதச் சொல்லுங்கள். பிறகு திருத்த வேண்டுமென்றால் மறுபடி இந்தியாவுக்குத்தான் போக வேண்டிவரும். மணமகளும் கடப்பிதழில் கணவர் பெயரைச் சேர்ப்பதானால் பாஸ் மனுவுக்கு முன்பே சேர்த்துவிடட்டும்.

பாஸ் மனுவுக்கு இருவருமே நேரில் வர வேண்டும். கோலாலம்பூர்வாசிகள் போக வேண்டியது ஜாலான் டூத்தா பக்கம் உள்ள கேடிஎன் (உள்துறை அமைச்சு) வளாகம். பினாங்குக்காரர்கள் பினாங்கு மாநில அலுவலகத்துக்குப் போகலாம். மைகார்டில் இன்னும் பழைய ஊர் முகவரியே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஐஎம்எம்.12 பாரம், கடப்பிதழ், திருமணச் சான்று, மலேசியத் துணையின் மைகார்டு, வருமானத்துக்குச் சம்பளச் சீட்டும் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கையும், பிள்ளைகள் இருந்தால் பிறப்புப் பத்திரம் என எல்லாவற்றிலும் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். கல்யாணப் படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். பாஸ் கட்டணம் ஆண்டுக்கு 90 வெள்ளி. விசா கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும்.

பாஸ் 5 ஆண்டு வரை தரப்படலாம். முதல் முறை பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே கிடைக்கும். கடப்பிதழ் காலாவதியாகும் நாளைத் தாண்டிப் பாஸ் தரமாட்டார்கள் என்பதால், ஓராண்டுக்குச் சற்று மேல்தான் மிச்சம் என்றால் கடப்பிதழை முதலில் புதுப்பிப்பதே நல்லது. வேலை செய்யலாம், ஆனால் பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வேலை செய்யத் தடை என்ற வரி இருந்தால், குடிநுழைவு இலாகாவில் அனுமதி கேட்டு வாங்கிய பிறகே வேலையில் சேருங்கள்.

பாஸில் 5 ஆண்டு தொடர்ந்து வசித்தபின் நிரந்தர வசிப்பிடத் தகுதிக்கு, அதாவது சிவப்பு ஐசிக்கு, மனுப் போடலாம். குடியுரிமையில் கணவனுக்கும் மனைவிக்கும் விதி ஒன்றல்ல. வெளிநாட்டு மனைவிக்கு அரசியலமைப்பின் 15(1) பிரிவு, 2 ஆண்டு வசித்திருந்தால் பதிவு கேட்க வழி தருகிறது. நடைமுறையில் முதலில் சிவப்பு ஐசி கேட்பார்கள். வெளிநாட்டுக் கணவனுக்கு அந்த வழியே இல்லை. 12 ஆண்டில் 10 ஆண்டு இங்கே வாழ்ந்து, மலாய் மொழியறிவும் காட்டி, 19-வது பிரிவில்தான் கேட்க முடியும். இது அநியாயமாகப் படலாம், எங்களுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் இன்றைய விதி இதுதான்.

2024 அக்டோபர் 17-ல் மக்களவை 206 வாக்குகளோடு ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமே தானாக வந்த குடியுரிமை, இதன்படி மலேசியத் தாய் வழியாகவும் வரும். இது பின்னோக்கிப் பொருந்தாது. திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன் வெளியூரில் பிறந்த பிள்ளைக்குத் தனியாகப் பதிவு மனுப் போட்டாக வேண்டும். அதே திருத்தத்தின்படி, குடியுரிமை பெற்ற 2 ஆண்டுக்குள் மணவிலக்கு ஆனால் வெளிநாட்டு மனைவியின் குடியுரிமையைப் பறிக்க முடியும். முன்பு அந்த 2 ஆண்டு, திருமண நாளிலிருந்து எண்ணப்பட்டது.

இங்கே பிறக்கும் பிள்ளைகள் விஷயத்தில்தான் பதியாத திருமணம் பெரிய இழப்பைத் தருகிறது. பெற்றோர் சட்டப்படி மணமாகாதவர்கள் என்றால் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். தந்தை நீல ஐசிக்காரர், அதாவது குடிமகன், தாய் வெளிநாட்டவர், தாலி கோவிலோடு நின்றுவிட்டது என்றால், பிறப்புப் பத்திரத்தில் குடியுரிமைக் கட்டத்தில் ‘புக்கான் வார்கநெகாரா’ (குடிமகன் அல்ல) என்றுதான் விழும். பிறகு பதிந்துகொண்டாலும் அந்த வரி தானாக மாறிவிடாது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதாவது ஜேபிஎன்னுக்குப் போய்விடுங்கள். பிறந்தபின் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, பத்திரத்தைக் கையில் வாங்கும்போதே, கவுண்டரை விட்டு நகரும் முன், அந்தக் கட்டத்தைப் படித்துப் பாருங்கள்.