கெட்டிமேளமும் இடம் மாறிய முந்தானையும்

தையல் தொழில் செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். குடும்பத்துடன் தொலைக்காட்சியில் படம் பார்க்கும்போது, கதாநாயகியின் முந்தானை ஒரு ஷாட்டில் மடிப்பு வைத்துத் தோளில் குத்தப்பட்டிருப்பதும், அடுத்த ஷாட்டில் ஒற்றையாகக் கையில் வழிந்து கிடப்பதும், மூன்றாவது ஷாட்டில் மீண்டும் மடிப்புக்குத் திரும்பிவிடுவதும் அவருக்கு உடனே தெரிந்துவிடுகின்றன. அருகில் அமர்ந்து அதே காட்சியைப் பார்க்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. சுட்டிக்காட்டினால் நம்பவும் மறுக்கிறார்கள். “அவர்கள் கவனிக்காமல் பார்க்கிறார்களா, அல்லது நான்தான் வேண்டாததைப் பார்க்கிறேனா?” என்பது அவருடைய கேள்வி.

இத்தகைய பிழைகள் ஏற்படும் விதத்தில் மர்மம் எதுவும் இல்லை. திரையில் மூன்று நிமிடம் ஓடும் உரையாடலைப் படமாக்க அரை நாள் பிடிக்கலாம். ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட்டுகளை முதலில் முடித்துவிட்டு, விளக்குகளை இடம் மாற்றி, உணவு இடைவேளைக்குப் பிறகு எதிர்ப்பக்கத்தை எடுப்பார்கள். அதற்குள் கோப்பையில் தேநீர் புதிதாக ஊற்றப்பட்டிருக்கும், முந்தானை கலைந்து திரும்பச் செருகப்பட்டிருக்கும். இவற்றையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும் கன்டினியூட்டி வேலை நம் படங்களில் பெரும்பாலும் ஓர் உதவி இயக்குநரின் தலையில் விழுகிறது. அவர் சரியாகக் குறித்திருந்தாலும், நடிப்பு நன்றாக அமைந்த டேக்கில் கோப்பை தவறான இடத்தில் இருந்தால், படத்தொகுப்பாளர் பல நேரங்களில் நடிப்பையே தேர்ந்தெடுப்பார். 1990-இல் வெளிவந்த ‘பிரிட்டி வுமன்’ படத்தின் காலை உணவுக் காட்சியில் ஜூலியா ராபர்ட்ஸின் கையிலிருக்கும் குரோசான் ரொட்டி அடுத்த வெட்டில், அதாவது ஷாட் மாறும் இடத்தில், பேன்கேக்காக மாறிவிடுகிறது. ஆனாலும் படம் உலகெங்கும் ஓடியது.

படத்தொகுப்பாளரின் அந்தத் துணிச்சலுக்கு ஆதாரம் உண்டு. டேனியல் லெவின், டேனியல் சைமன்ஸ் ஆகிய உளவியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, இரண்டு பெண்கள் உணவு மேசையில் பேசிக்கொள்ளும் சிறு படம் ஒன்றை எடுத்து, அதன் வெட்டுகளில் வேண்டுமென்றே ஒன்பது பிழைகளை வைத்தார்கள். ஒருவரின் கழுத்துத்துணி மறைந்து மறைந்து வந்தது. சிவப்பாக இருந்த தட்டுகள் வெள்ளையாயின. கவனமாகப் பாருங்கள் என்று சொல்லிக் காட்டியும், பார்த்த பத்துப் பேரில் ஒரே ஒருவர்தான், அதுவும் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் குறிப்பிட்டார். மாற்றங்கள் இருக்கின்றன, தேடுங்கள் என்று சொல்லி இரண்டாம் முறை காட்டியபோதும், ஒன்பதில் சராசரியாக இரண்டே பிடிபட்டன. அவர்களுடைய இன்னொரு படத்தில் நாற்காலியிலிருந்து எழுந்து தொலைபேசியை எடுக்கப் போகும் நடிகரே வெட்டுக்குப் பிறகு வேறொரு நடிகராக மாறிவிடுகிறார். பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அதையும் கவனிக்கவில்லை.

கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிட முடியாது. விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான் அதன் எல்லை. ஆகவே கண் ஒரு நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் விட்டு இடம் தாவி, காட்சியைத் துண்டு துண்டாக மேய்கிறது. இதுவரை பள்ளிப் பாடம். மீதமுள்ள பெரும்பரப்பில் ஏதேனும் மாறினால் அது நமக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் என்னை மயக்கும் பகுதி.

பழைய காட்சியையும் புதிய காட்சியையும் அருகருகே வைத்து மூளை ஒப்பிடுகிறது என்றுதான் நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. ஒப்பிடுவதற்குப் பழைய படம் முழுவதையும் சேமித்து வைத்திருக்க வேண்டும். அவ்வளவு இடம் கிடையாது. காட்சியைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும் நினைவில் நான்கு பொருள்கள் அளவுக்கே இடம் உண்டு என்று 1997-இல் ஸ்டீவன் லக், எட்வர்ட் வோகல் ஆகியோர் செய்த சோதனைகள் காட்டின. எனவே மூளை மலிவான வழி ஒன்றைக் கையாள்கிறது. ஏதேனும் ஒன்று மாறும் அந்தக் கணத்தில், அந்த இடத்தில் ஒளி திடீரென ஏறும் அல்லது இறங்கும். அந்தத் துள்ளலை உணர்வதற்கென்றே விழித்திரையின் ஓரப் பகுதிகள் உட்பட எங்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. என்ன மாறியது என்று அவற்றுக்குத் தெரியாது. ‘அங்கே ஏதோ அசைந்தது’ என்பதோடு அவற்றின் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குரல் வந்த திசைக்குக் கவனம் போகிறது; கண் பின்னாலேயே தாவுகிறது. சுவரில் பல்லி ஓடியது உங்களுக்குத் தெரிவது, பல்லி இல்லாத சுவரின் படம் உங்களிடம் இருந்ததால் அன்று.

இனித் திரைப்படத்தின் வெட்டுக்கு வருவோம். திருமணத்தில் தாலி கட்டும் கணத்தில் கெட்டிமேளம் முழங்குவதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: அந்நேரத்தில் யாரேனும் தும்மினாலோ, தகாத சொல் ஒன்றைச் சொன்னாலோ அது காதில் விழக்கூடாது. தும்மலால் கெடுதல் வரும் என்பதை நான் துளியும் ஏற்பதில்லை. ஆனால் அதை மறைக்க நம் முன்னோர் கையாண்ட உத்தியில் குறை காண முடியாது. தும்மலை யாரும் அடக்குவதில்லை. அது எப்போதும்போல் அதே ஒலியளவில்தான் நிகழ்கிறது. மண்டபம் முழுவதும் ஒரே கணத்தில் ஒலி எழும்பும்போது, தனித்து நிற்க வேண்டிய அது தனித்து நிற்பதில்லை. வெட்டு விழும் கணத்தில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நேரத்தில் மாறுகிறது. ‘இங்கே அசைந்தது’ என்ற குரல் எல்லாத் திசைகளிலிருந்தும் எழுகிறது. அந்த முழக்கத்தில் முந்தானை இடம் மாறிய இடத்திலிருந்து எழும் குரலும் இருக்கத்தான் செய்கிறது, யாருக்கும் கேட்பதில்லை.

இந்த விளக்கத்தைச் சோதித்த விதங்கள் அழகானவை. ரொனால்ட் ரென்சிங்கும் அவருடைய குழுவினரும் 1997-இல், சிறு வேறுபாடு கொண்ட இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, இடையில் நொடியின் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் வெற்றுத் திரையைச் செருகினார்கள். கண் முன்னே திரும்பத் திரும்ப நிகழும் பெரிய மாற்றத்தைக் கண்டுபிடிக்கவே பலருக்கு நீண்ட நேரம் பிடித்தது. வெற்றுத் திரையை எடுத்துவிட்டால் அதே மாற்றம் உடனே பளிச்சென்று தெரிகிறது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர்களே, படத்தை மறைக்காமல், வண்டிக் கண்ணாடியில் சேறு தெறிப்பதைப்போலச் சில பொட்டுகளை மட்டும் மாற்றத்தின் அதே கணத்தில் காட்டினார்கள். மாறும் இடத்தின் மீது பொட்டு எதுவும் விழாதபோதும் மாற்றம் தப்பித்துவிட்டது. மேளமே இல்லாமலும் இதைச் செய்யலாம்: படத்தின் ஒரு பகுதியை மிக மெதுவாக நிறம் மாற்றினால் துள்ளல் எழுவதே இல்லை, நமக்கும் பெரும்பாலும் தெரிவதில்லை.

நூற்று முப்பது ஆண்டுகளே ஆன திரைப்படத்துக்கு இப்படியோர் ஓட்டை எப்படி ஆயத்தமாகக் காத்திருந்தது? கண்ணின் ஒவ்வொரு தாவலும் ஒரு வெட்டுதான். தாவும் நேரத்தில் விழித்திரையில் முழுக் காட்சியும் விர்ரென்று வழுக்கிச் செல்கிறது. அந்தக் கலக்கத்தை நாம் உணராதபடி மூளை பார்வையைத் தணித்து வைக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள்: கண் அசைவதை ஒருபோதும் காண மாட்டீர்கள். அருகில் நிற்பவருக்கு அது தெளிவாகத் தெரியும். கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், ஏனெனில் அது படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுகிறது. நாள் முழுவதும் இப்படி வெட்டி ஒட்டிய காட்சிகளைத் தொடர்ச்சியானவை என்று ஏற்று வாழும் மூளைக்குப் படத்தொகுப்பாளரின் வெட்டு புதிதல்ல. நடிகரின் ஓர் அசைவின் நடுவே வைக்கப்படும் வெட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பார்வையாளர்கள் வெட்டு என்றே உணரவில்லை என்று 2008-இல் டிம் ஸ்மித்தும் ஜான் ஹெண்டர்சனும் கண்டார்கள். அவர்களுக்கு வெட்டைக் கண்டதும் பொத்தானை அழுத்தும் வேலை ஒன்றைத் தவிர வேறு எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இத்தகைய ஆய்வுகளுக்குத் தேவைப்பட்டது ஒரு கேமராவும் சில தன்னார்வலர்களும் மட்டுமே. நம் ஊர்களில் சில ஆண்டுகளுக்கு முன் மிட்பிரைன் ஆக்டிவேஷன் என்ற பெயரில், குழந்தைகள் கண்ணைக் கட்டிக்கொண்டு படிப்பார்கள் என்று சொல்லி நடத்திய வகுப்புகளுக்குப் பெற்றோர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுத்தார்கள். குழந்தையின் கையிலிருக்கும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்த அவர்கள், மூக்கின் ஓரத்தில் துணி விட்டிருந்த இடைவெளியைப் பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்கு நம் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளுக்குப் போயிருந்தால், அந்த இடைவெளி பெற்றோரின் கண்ணில் ஏன் படவில்லை என்பதையே நல்லதோர் ஆய்வாகச் செய்திருக்கலாம்.

வாசகியின் கேள்விக்குத் திரும்புகிறேன். வெட்டு எல்லோருக்கும் ஒரே முழக்கத்தைத்தான் எழுப்புகிறது என்றால், அவருக்கு மட்டும் தும்மல் எப்படிக் கேட்டது? துள்ளல் உதவாதபோது எஞ்சியிருப்பது நினைவின் அந்த நான்கு இடங்கள் மட்டுமே. அவற்றில் எதை வைத்துக்கொள்வது என்பதை நாம் காட்சியை எவ்வாறு வகைப்படுத்துகிறோம் என்பது தீர்மானிக்கிறது. சைமன்ஸும் லெவினும் கார்னெல் பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவரை வழி கேட்க அனுப்பி, பேச்சின் நடுவே இருவருக்கும் இடையில் ஒரு கதவைத் தூக்கிச் சென்று, அந்த மறைவில் ஆளையே மாற்றினார்கள். பதினைந்து பேரில் ஏழு பேரே கண்டுகொண்டனர், அவர்கள் வழி கேட்டவரின் வயதை ஒத்த மாணவர்கள். அதே ஆள்கள் கட்டடத் தொழிலாளர் உடையில் வந்தபோது, மாணவர்களிலும் பன்னிரண்டு பேரில் நால்வருக்கே தெரிந்தது. ‘யாரோ ஒரு தொழிலாளி’ என்று பதிந்துவிட்டால், முகம் மாறினாலும் அந்தப் பதிவு மாறுவதில்லை.

கணவருக்கு அந்தக் காட்சியில் இருந்தது ‘புடவை கட்டிய பெண்’. வெட்டுக்குப் பின்னும் அவள் புடவை கட்டிய பெண்தான். வாசகியோ நாள் முழுவதும் மடிப்பையும் குத்தூசியையும் கையாள்பவர். அவருடைய கண் திரைக்கு வந்ததும் தோளுக்குப் போகிறது; நான்கு இடங்களில் ஒன்றில் அந்த முந்தானை ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது, ஆகையால் அவரால் ஒப்பிட முடிகிறது. அவருடைய கடிதத்தின் பின்குறிப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: கணவர் மெக்கானிக், துரத்தல் காட்சியில் கதாநாயகனின் பைக்கில் சைலன்சர் மாறியிருந்ததாக இடைவேளை விளம்பரம் முழுவதும் சொல்லிக்கொண்டே இருந்தாராம், இவர் அதைப் பார்க்கவே இல்லையாம்.