சாவி கைக்கு வந்ததும் கடை கைக்கு வந்துவிடாது

ஆனி மாதம் வந்தாலே என்னிடம் வருகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "ஆடி பிறக்கிறதுக்குள்ள கடையைத் திறந்துடணும் சார்." போன வாரம் வந்த தம்பதியும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருந்த பேக்கரி ஒன்றை, அதை நடத்தியவரிடம் குட்வில் (கடையின் பெயருக்கும் வாடிக்கையாளருக்குமாகத் தரும் தொகை) பேசி, நகையை அடகு வைத்து முழுப்பணமும் கொடுத்துவிட்டார்கள். ஓவன், கண்ணாடி அலமாரி, ஷட்டர் சாவி எல்லாம் வந்துவிட்டன. கட்டட ஓனரின் கையெழுத்துதான் வரவில்லை. ஓனர் காலமாகிவிட்டார், வாரிசுகளில் ஒருவர் துபாயில். யார் கையெழுத்துப் போடுவது என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் பேசி முடியவில்லை. கடை பூட்டிக் கிடக்கிறது, வட்டி ஏறுகிறது.

"பழையவர் ஓனர்கிட்ட கட்டியிருந்த அட்வான்ஸ் தொகையை நாங்க பழையவருக்குக் கொடுத்துட்டோமே, அப்போ அக்ரிமென்ட் எங்களுக்கு வந்த மாதிரிதானே?" என்று கேட்டார்கள். இல்லை. இந்த நினைப்புதான் குடும்பங்களைத் தெருவில் நிறுத்துகிறது. கடையை விட்டுப் போகிறவர் உங்களுக்கு விற்கக்கூடியவை அவருடைய சாமான்களும் கடைப் பெயரும்தான். அந்த இடத்தில் உட்காரும் உரிமை ஓனர் கொடுப்பது. அட்வான்ஸ் பணமும் ஓனரிடம்தான் இருக்கிறது. "என் அட்வான்ஸை நீங்க அவர்கிட்ட வாங்கிக்கோங்க" என்று பழையவர் சொன்னால் அது ஓனரைக் கட்டுப்படுத்தாது. வாடகை பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் தன்னிடம் கொடுத்தவருக்கே திருப்பித் தருவார். நீங்கள் யார் என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரியில். கடைகளுக்கும் அது பொருந்தும். ஓனரோடு துணை ஒப்பந்தம் (இருக்கிற வாடகை ஒப்பந்தத்தோடு சேர்த்துப் போடும் கூடுதல் ஒப்பந்தம்) போடாமல் வாடகைதாரர் தன் உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. மீறினால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகும். இன்னொன்று, பல இடங்களில் பழையவரின் பதினொரு மாத அக்ரிமென்ட் எப்போதோ முடிந்து, வாய்ப்பேச்சிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் மாற்றித் தர அவரிடம் என்னதான் இருக்கிறது? (பதினொரு மாதம் என்றால் எங்கேயும் பதிய வேண்டாம் என்று ஓனர்களே நம்புகிறார்கள். ஆனால் அதையும் இந்தச் சட்டப்படி உள்ள அரசு அலுவலகமான வாடகை அதிகார அமைப்பிடம் 90 நாளுக்குள் பதிய வேண்டும்.)

கோயில் கடை, மாநகராட்சிக் கடை என்றால் இன்னும் கவனம். அந்த அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் உள்ளே போனால், கோயில் சொத்தில் உங்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் வரும். அதற்கு முன் நீங்கள் கொடுத்த குட்வில் எத்தனை லட்சமானாலும் அங்கே பேச்சே இல்லை.

ஓனர் கையெழுத்து இல்லாவிட்டால் மற்றதும் நகராது. ஜிஎஸ்டி பதிவுக்கு அந்த இடத்தின் வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். பழையவரின் உணவு உரிமத்தை உங்கள் பெயருக்கு வாங்கிக்கொள்ள முடியாது. புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கும் இடத்தின் ஆதாரம் வேண்டும்.

தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஓனரை நேரில் பாருங்கள். "ஓனர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்று பழையவர் சொல்வதை நம்பி உட்காராதீர்கள். சொத்து யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எத்தனை பேர், வங்கியில் அடமானம் உண்டா என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பவர் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தை வாங்கிப் படியுங்கள். டோக்கன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சிறு தொகையாகக் கொடுங்கள். ஓனர் சம்மதிக்காவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஓனர், போகிறவர், வருகிறவர் மூவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். வாடகை பாக்கி, கரண்ட் பில் பாக்கி, உங்கள் பெயரில் வரவு வைத்த அட்வான்ஸ், வாடகை தொடங்கும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். மீதிப் பணத்தை அன்றைக்கு, அந்த மேசையிலேயே கொடுங்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள், பழையவர் பெயரிலேயே மாதாமாதம் வாடகை கட்டிக்கொண்டு நாளை ஓட்டாதீர்கள். அந்த ரசீதுகள் அவருக்குத்தான் சாட்சி சொல்லும். பணம் கொடுத்ததற்கான வங்கிக் கணக்கு விவரங்களையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.