ஊர்ப்பெயருக்குச் ‘சரியான’ ஸ்பெல்லிங் கேட்காதீர்கள்

பிறப்புச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரையிட்டுத் தருவது என் தொழில். விசாவுக்குக் கெடு நெருங்கிய பிறகு மூச்சிரைக்க வருகிறவர்களின் கோப்பைத் திறந்தால், பெரும்பாலும் வில்லங்கம் ஊர்ப்பெயரில்தான் இருக்கிறது. சென்ற வாரமும் அதே கதை. பாஸ்போர்ட்டில் திருப்பத்தூர் ஒரு விதம், பழைய மொழிபெயர்ப்பில் இன்னொரு விதம், ஏஜென்ட் நிரப்பிய படிவத்தில் மூன்றாவது விதம். “இதில் எது சார் சரி?” என்று கேட்கிறார் பையனின் அப்பா.

எதுவும் சரியில்லை, எதுவும் தவறுமில்லை. உச்சரிப்பைக் காதில் வாங்கி எழுத்துக் கூட்டினால் சரியான ஸ்பெல்லிங் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கூட்டிப் பாருங்கள். தஞ்சாவூர், தூத்துக்குடி, தேனி மூன்றுக்கும் அரசு இரண்டாம் எழுத்தாக எச் போடுகிறது. அதே தகரத்தில் தொடங்கும் திருநெல்வேலிக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் போடுவதில்லை. திண்டுக்கல்லும் தருமபுரியும் டெல்லிக்குப் போடும் டியில் தொடங்குகின்றன. சோழவந்தானின் ழகரத்துக்கு வெறும் எல். கோழிக்கோட்டுக்குப் போனால் அதே ழகரம் இசட் எச் ஆகிவிடுகிறது. எழும்பூரின் ஆங்கிலப் பெயரில் ழகரத்தைத் தேடவே வேண்டாம். இதில் என்ன விதியைக் கண்டுபிடிப்பீர்கள்?

“அரசு எல்லாவற்றையும் மாற்றிவிட்டதே” என்று வாதாடுகிறவர்களும் உண்டு. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றும் அரசாணை வெளிவந்தது உண்மை. சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதும் உண்மை. முதல் செய்தியை மட்டும் படித்தவர்கள் இன்றும் அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். (எண்கணிதம் பார்த்து ஊர்ப்பெயரில் ஓர் ஏ சேர்க்கச் சொன்னவரைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.)

உங்களுக்கு வேண்டியது சரியான ஸ்பெல்லிங் அல்ல, ஒரே ஸ்பெல்லிங். பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் எப்படி அச்சாகியிருக்கிறதோ, விசா படிவத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். அது உங்கள் கண்ணுக்கு அசிங்கமாக இருந்தாலும் சரி. ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்துப் போடுவது நீங்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

மாவட்டத்தையும் கவனியுங்கள். திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்திலும் உண்டு; வேலூரிலிருந்து 2019இல் பிரிந்த மாவட்டத்தின் பெயரும் அதுவே. 2001இல் பிறந்த பிள்ளையின் சான்றிதழில் வேலூர் மாவட்டம் என்று இருந்தால் மொழிபெயர்ப்பிலும் வேலூர்தான் வரும். “இப்போது மாறிவிட்டதே, நீங்களே மாற்றிப் போடுங்கள்” என்று தயவுசெய்து கெஞ்சாதீர்கள். மாயூரம் என்று அச்சான பழைய சான்றிதழை மயிலாடுதுறை ஆக்கவும் எனக்கு அதிகாரமில்லை. மூலத்தில் உள்ளதை எழுதி, பாஸ்போர்ட்டில் வேறு விதமாக இருப்பதை அடிக்குறிப்பில் சொல்ல முடியும், அவ்வளவுதான்.

சான்றிதழிலேயே பிழை என்றால் அதை வழங்கிய அலுவலகத்தில்தான் திருத்த வேண்டும், அதற்கு நாளாகும். ஆகவே விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, ஊர்ப்பெயரை மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். என்னிடம் வரும்போது பாஸ்போர்ட் நகலும் கையில் இருக்கட்டும்.